பாக்கெட்டின் பின்பக்கம் யாருக்கு?

அம்மாவுக்கு சர்க்கரை. "கோதுமைதானேடா, நல்லது"ன்னு பிரவுன் பிரெட்டா வாங்கி அடுக்குறாங்க. பாக்கெட்டைத் திருப்பினா முதல் பெயரே மைதா! எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் போடணும்ங்கிறது விதி. அப்ப அந்த பிரவுன் நிறம்? கடைசியில 150ன்னு ஒரு எண் ஒளிஞ்சிருக்கு பாருங்க, அதான் கேரமல் கலர்.

அம்மா தமிழ் நல்லாவே படிப்பாங்க. ஆனா 2020 லேபிள் விதிப்படி ஆங்கிலமோ இந்தியோ இருந்தாலே போதுமாம். தமிழ், கம்பெனிக்காரன் மனசு வச்சால்தான். விளம்பரத்துல மட்டும் கொஞ்சு தமிழ் :-) எந்த பாஷையில விக்கிறாங்களோ, அதே பாஷையில உள்ளே என்ன இருக்குன்னும் சொல்லட்டுமே? கட்டாயமாக்கணும்ங்கிறதுதான் என் கட்சி.

அதுவரைக்கும் எங்க வீட்டுல ராத்திரிக்கு கோதுமை ரவை உப்புமாதான், சின்ன வெங்காயம் தூக்கலாப் போட்டு.