வீடு விற்ற தகவல் டெல்லிக்குப் போகிறது, விற்றவருக்கு வழி சொல்ல யாரும் இல்லை!



பி.எஃப். பணத்தைப் போட்டு, நகையை அடகு வைத்து, அம்பத்தூரிலோ சிங்காநல்லூரிலோ ஒரு சின்ன வீடு வாங்கி வாடகைக்கு விட்டவர்கள் நம்மில் எத்தனையோ பேர். வயசான காலத்தில் அந்த வாடகைதான் அவங்களுக்குச் சம்பளம். ஒரு ஆபரேஷன், ஒரு கல்யாணம் என்று வரும்போது வேறு வழியில்லாமல் விற்கிறார்கள். பத்திரம் முடிந்து, பணமும் பாதி செலவான பிறகு யாரோ கேட்கிறார்கள்: "கேபிடல் கெயின்ஸ் கட்டணுமே, ஆடிட்டரைப் பாத்தீங்களா?"

2024 ஜூலை 23 பட்ஜெட்டில் ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், வீடு விற்பவர்களுக்கு இருந்த பணவீக்க ஈட்டை ஒரே அடியாக நீக்கினார். 20 சதவீத வரியை 12.5 ஆகக் குறைத்திருக்கிறோம், எளிமையாக்கியிருக்கிறோம் என்றார்கள். கேட்க நல்லாத்தான் இருந்தது. கணக்கு போட்டுப் பாருங்க.

2010-11 இல் 20 லட்சத்துக்கு வாங்கிய வீட்டை 2024-25 இல் 45 லட்சத்துக்கு ஒருவர் விற்கிறார். பென்ஷனிலேயே அடிப்படை விலக்கு தீர்ந்துவிட்டவர் என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில், விலைவாசி உயர்வைச் சேர்த்தால் அந்த 20 லட்சம் இன்றைக்குச் சுமார் 43.47 லட்சத்துக்குச் சமம். லாபம் ஒன்றரை லட்சம்தான், வரி சுமார் 30,500 ரூபாய். புதிய முறையில் லாபம் 25 லட்சம், வரி 3,12,500 ரூபாய். செஸ் தனி. பத்து மடங்கு! இதுதான் எளிமையா?

எதிர்ப்பு கிளம்பிய பிறகு ஆகஸ்டில் இறங்கி வந்தார்கள். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய சொத்து என்றால் இரண்டு முறையிலும் கணக்கிட்டு, குறைவான வரியைக் கட்டலாம் என்று திருத்தினார்கள். சரி. ஆனால் அந்தச் சலுகை இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டும். துபாயிலும் குவைத்திலும் வெயிலில் நின்று சம்பாதித்து ஊரில் வீடு வாங்கிப்போட்ட நம்ம பிள்ளைகள் வெளிநாடுவாழ் இந்தியர் கணக்கில் வருகிறார்கள். அவர்களுக்கு அது கிடையாது. அதே தெரு, அதே விலை, பக்கத்து வீட்டுக்காரர் 30 ஆயிரம் கட்டுவார், இவர் 3 லட்சம் கட்டணும். இதற்கு என்ன நியாயம் என்று நாடாளுமன்றத்தில் யாராவது சொல்லட்டும்.

அடுத்து, குழப்பம். 2025 பட்ஜெட்டில் 12 லட்சம் வரை வரியே இல்லை என்று முழங்கினார்கள். வீடு விற்ற லாபத்துக்கு அந்தத் தள்ளுபடி பொருந்தாது என்பதை எத்தனை பேருக்குச் சொன்னார்கள்?

சட்டத்தில் உதவி இல்லாமல் இல்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்று, இரண்டு வருஷத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ, மூன்று வருஷத்துக்குள் கட்டினாலோ வரிவிலக்கு உண்டு. தான் குடியிருந்த வீட்டுக்குத்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். தப்பு. வாடகைக்கு விட்ட வீட்டுக்கும் உண்டு. விற்ற பணம் முழுவதையும் போடத் தேவையில்லை, லாபத்தைப் போட்டால் போதும். கணக்குத் தாக்கல் செய்யும் கடைசித் தேதிக்குள் வீடு அமையவில்லை என்றால், அந்தத் தொகையை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டு வைக்கணும். சாதாரண சேமிப்புக் கணக்கில் கிடந்தால் விலக்கு போச்சு. வீடு வேண்டாம் என்பவர் ஆறு மாதத்துக்குள் அரசு அறிவித்த பத்திரங்களில் 50 லட்சம் வரை போடலாம். ஐந்து வருஷம் தொட முடியாது.

அப்பா வாங்கிய வீடு என்றால் அவர் வாங்கிய விலைதான் உங்கள் விலை. 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியது என்றால் அன்றைய சந்தை மதிப்பை எடுக்கலாம், அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல். மாடி கட்டிய செலவையும் சேர்க்கலாம், பில் இருந்தால். (நம்ம ஊரில் கொத்தனார் எங்கே பில் கொடுத்தார்!)

ஆடிட்டர் வைத்திருப்பவருக்கு இதெல்லாம் தெரியும். மூன்று போர்ஷன் வாடகையில் வாழும் விதவைத் தாய்க்கு யார் சொல்வது?

பெரிய தொகைக்குப் பத்திரம் பதிவானால் சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து வருமான வரித்துறைக்குத் தகவல் போகிறது. தகவல் போகிற அதே வழியில் உதவி ஏன் திரும்பி வரக்கூடாது? விற்பவர் கையில் தமிழில் ஒரு பக்கத் தாள்: இந்தத் தேதிக்குள் இதைச் செய்யுங்கள், இந்த விலக்கு உண்டு. பெரிய பதிவு அலுவலகங்களில் வாரம் ஒரு நாள் வருமான வரித்துறையின் இலவச உதவி மேசை. இதற்குப் பெரிய நிதி ஒன்றும் தேவையில்லை. வெளிநாட்டில் உழைப்பவருக்கும் இரண்டு முறையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும். ஒன்றிய அரசிடம் நம் கட்சி வைக்கும் கோரிக்கைகள் இவை.

அதுவரை, வீடு விற்கும் யோசனையில் இருப்பவர்கள் கிரயம் முடிவதற்கு முன்னாடியே தாய்ப்பத்திரம், கட்டடச் செலவு ரசீதுகளை எடுத்துக்கொண்டு உங்கள் மாவட்ட வழக்கறிஞர் அணித் தோழர்களைப் பாருங்கள். கட்டணம் கிடையாது, எந்தக் கட்சி என்றும் கேட்க மாட்டார்கள்.