கச்சான் விளையும் நாட்டில் குறுணல் அரிசிச் சோறு

2022ஆம் ஆண்டு மார்ச் மாத ஆரம்பத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதமாகும்போது 360 ரூபா வரை ஏறியது யாருக்கும் மறந்திருக்காது. அந்த நாட்களில் ஒரு மாலை, அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நின்றபோது, புறக்கோட்டையில் புடைவை மொத்த வியாபாரம் செய்யும் ஹாஜியார் ஒருவர் என்னிடம் கூறினார்: "இந்த ரூபாவை டொலரோடு ஒரேயடியாகக் கட்டிப்போட்டுவிட வேண்டும் தம்பி. அப்போதுதான் வியாபாரி நிம்மதியாகத் தூங்கலாம்." அவருடைய சரக்கு அப்போது துறைமுகத்தில் கிடந்தது. அவரது வேதனை நியாயமானது. இன்றும் எமது கடைத்தெருக்களில் இதே பேச்சை அடிக்கடி கேட்கிறேன்.

ஹாஜியாருக்கு நான் சொன்ன பதில், "செனகலைப் பாருங்கள்" என்பதுதான்.

மேற்கு ஆபிரிக்காவில் அத்திலாந்திக் கரையில் உள்ள இந்த நாட்டை எம்மில் பலர் 2002 உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தின் முதல் போட்டியில் பிரான்சைத் தோற்கடித்த நாடாக மட்டுமே அறிவோம். அங்கு நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் முஸ்லிம்கள். அவர்களது நாணயம் 1945 முதல் முதலில் பிரெஞ்சுப் பிராங்கோடும் பின்னர் யூரோவோடும் கட்டப்பட்டிருக்கிறது. கட்டிப்போட்ட நாணயத்தின் சுகமும் வலியும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் நாணயத்திலிருந்து தொடங்கினால் விஷயம் விளங்காது. கச்சானிலிருந்து தொடங்க வேண்டும்.

1659இல் செனகல் ஆற்றின் முகத்துவாரத்தில் செயின்ட் லூயி என்ற கோட்டையைக் கட்டிய பிரெஞ்சுக்காரர் நெடுங்காலமாக அங்கே செய்த வியாபாரம் இரண்டு: ஒன்று அடிமைகள், மற்றையது புடைவை ஆலைகளுக்குத் தேவைப்பட்ட கருவேலம் பிசின். 1848இல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அதற்காக நட்டஈடும் வழங்கப்பட்டது. யாருக்கு? அடிமைகளுக்கல்ல, அடிமைகளை இழந்த எஜமானர்களுக்கு. அந்த நட்டஈட்டின் ஒரு பகுதியையே மூலதனமாக வைத்துத்தான் 1850களில் செனகல் வங்கி ஆரம்பிக்கப்பட்டது. 1901இல் அதன் இடத்துக்கு வந்த மேற்கு ஆபிரிக்க வங்கிதான் அந்தப் பிரதேசம் முழுவதற்கும் நாணயத் தாள் வெளியிட்டது. ஒரு நாட்டின் முதலாவது வங்கியின் பெட்டகத்தில் இருந்தது என்ன பணம் என்பதை வியாபாரிகளாகிய நாம் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

பிசினுக்குப் பின் வந்ததுதான் நிலக்கடலை, எமது கச்சான். 1840களில் மார்செய் நகரத்துச் சவர்க்காரத் தொழிற்சாலைகளுக்கு எண்ணெய் தட்டுப்பட்டது. செனகலின் மணல் நிலத்தில் கச்சான் நன்றாக விளைந்தது. 1885இல் டக்கார் நகரிலிருந்து செயின்ட் லூயிக்கு ரயில் பாதை திறக்கப்பட்டது. அது காயோர் என்ற கச்சான் பூமிக்குள்ளால் சென்றது. இந்தப் பாதை வந்தால் தன் நாடு போய்விடும் என்று கண்டுகொண்ட காயோர் மன்னர் லாத் ஜோர் அதை எதிர்த்தார், 1886இல் போரில் கொல்லப்பட்டார். மன்னர் பயந்தது போலவேதான் நடந்தது. அதன் பின்னர் எங்கே கச்சான் விளைந்ததோ அங்கே தண்டவாளம் போனது, எங்கே தண்டவாளம் போனதோ அங்கே கச்சான் விளைந்தது.

இனி வியாபாரம் நடந்த விதத்தைப் பாருங்கள். இதை நாம் கவனமாகப் படிக்க வேண்டும்.

போர்தோ, மார்செய் நகரங்களைச் சேர்ந்த சில கொம்பனிகளின் கையில்தான் முழு நாட்டின் வர்த்தகமும் இருந்தது. மோரெல் எ ப்ரோம், பெய்ரிசாக், சி.எப்.ஏ.ஓ. போன்றவை அவற்றுட் சில. ரயில் நிலையங்களில் அவர்களது கடைகள் இருந்தன. சிறு ஊர்களில் அவர்களிடம் சரக்கெடுத்து விற்ற இடைத்தரகர்களில் லெபனான் நாட்டவர்கள் அதிகம். மழைக்காலத்தில் விவசாயியின் வீட்டில் தானியம் முடிந்துவிடும். அப்போது கடைக்காரர் அரிசியையும் துணியையும் விதையையும் கடனாகக் கொடுப்பார். அறுவடையின்போது விவசாயி கச்சானாகவே கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அரசாங்கம் விதித்த தலைவரியை மட்டும் காசாகக் கட்ட வேண்டும். அந்தக் காசுக்கும் கச்சானைத்தான் விற்க வேண்டும். விலையை நிர்ணயிப்பது மார்செய் சந்தை.

கடனுக்குச் சாமான் கொடுப்பது எமக்குப் புதிதல்ல. நானும் முப்பது வருடமாகக் கடன் கொப்பி வைத்திருக்கிறேன். அதில் தவறில்லை. ஆனால் செனகல் விவசாயிக்கு விற்பவனும் அவனே, வாங்குபவனும் அவனே, கடன் கொடுப்பவனும் அவனே, தராசும் அவன் கையிலேயே இருந்தது. நான்கும் ஒரே கையில் சேர்ந்தால் அதற்கு வியாபாரம் என்று பெயரில்லை. அளவை நிறுவையில் மோசம் செய்வோரைப் பற்றித் தனியாக ஒரு சூராவே இறக்கப்பட்டிருப்பது சும்மா அல்ல.

அடுத்தது அரிசி. செனகலின் தெற்கே காசமான்ஸ் பகுதியில் ஜோலா மக்கள் பிரெஞ்சுக்காரர் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே வயல் கட்டி நெல் விளைவித்தவர்கள். ஏனைய பகுதிகளில் கம்பும் சோளமும் உணவு. ஆனால் கம்பு விதைக்கும் நிலத்திலும் கச்சானே விதைக்கப்பட்டால்தான் கொம்பனிகளுக்கு இலாபம். மறுபக்கத்தில் பிரான்சின் இன்னொரு குடியேற்ற நாடான இந்தோசீனாவின் அரிசி ஆலைகளில் குறுணல் அரிசி குவிந்து கிடந்தது. அதை மலிவாக டக்காருக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே கப்பல் வலையமைப்பில் இரண்டு இலாபம். இரண்டு தலைமுறைக்குள் அந்த மக்களின் நாக்கு குறுணலுக்குப் பழகிவிட்டது. செனகலின் தேசிய உணவான மீன்சோறு, அவர்கள் மொழியில் செபு ஜென், இன்றும் குறுணல் அரிசியில்தான் ஆக்கப்படுகிறது. 2021இல் யுனெஸ்கோவும் அதை மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. ருசியான உணவுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் 2022 செப்டெம்பரில் இந்திய அரசாங்கம் குறுணல் அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தபோது கலங்கியது டக்கார் நகரத்து அடுப்படி. இந்தோசீனா போய், தாய்லாந்து வந்து, பின்னர் இந்தியா வந்தது. விற்பவர் மாறினார், பானை மாறவில்லை. பிரித்தானியர் காலத்தில் எமது தோட்டங்களுக்கும் பர்மா அரிசியே வந்தது என்பதும், 1942இல் பர்மா விழுந்தபோது இங்கே ஏற்பட்ட தட்டுப்பாடும் எமது மூத்தவர்கள் சொல்லிக் கேட்டதுதானே.

கச்சானை அங்கேயே செக்கிலிட்டு எண்ணெயாக விற்றிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கேட்டவர்கள் இருந்தார்கள். 1920களிலும் 1930களிலும் செனகலில் எண்ணெய் ஆலைகள் தோன்றின. உடனே பிரான்சின் ஆலைக்காரர்கள் கூச்சலிட்டனர். 1930களின் இறுதியில், பிரான்சுக்குள் வரக்கூடிய செனகல் எண்ணெய்க்கு வரையறை விதிக்கப்பட்டது. கொட்டையாக வந்தால் சரி, எண்ணெயாக வந்தால் பிரச்சினை. எந்தக் காலத்திலும் பலம் வாய்ந்த வாடிக்கையாளன் இப்படித்தான் பேசுவான்.

இந்தக் கச்சான் பூமியில்தான் ஷெய்கு அஹ்மது பம்பா வாழ்ந்தார். அவரது தரீக்காவின் பெயர் முரீதிய்யா. முரீது என்ற சொல்லை எமது ஊர்களில் விளக்கத் தேவையில்லை. ஆயுதம் எடுக்காத அந்தப் பெரியாரைச் சுற்றிக் கூடிய மக்களைக் கண்டு அஞ்சிய பிரெஞ்சு அரசு 1895இல் அவரைக் கபோன் காட்டுக்கு நாடு கடத்தியது. 1902இல் திரும்பி வந்தவரை மறு வருடமே மொரிட்டேனியாவுக்கு அனுப்பியது. எகிப்தின் ஒராபி பாஷாவைப் பிரித்தானியர் 1883இல் எமது நாட்டுக்கு நாடு கடத்தி வைத்திருந்ததும் ஏறத்தாழ இதே காலம்தான். பின்னர் பிரெஞ்சுக்காரர் கணக்குப் பார்த்தார்கள். உழைப்பை இபாதத்தின் அளவுக்கு மதித்த அவரது முரீதுகள் காட்டை வெட்டிக் கச்சான் பயிரிட்டார்கள், அது ரயில் ஏறி மார்செய் போனது. ஷெய்கைப் பகைப்பதைவிடப் பொறுத்துக்கொள்வது இலாபம் என்று முடிவெடுத்தார்கள். 1970களின் வரட்சியில் மண் கைவிட்டபோது அதே முரீதுகள் டக்காரின் சந்தகா சந்தைக்கும், அங்கிருந்து பாரிசுக்கும் நியூயோர்க்குக்கும் சென்று நடைபாதை வியாபாரிகளாக எழுந்தார்கள். அது தனியாக எழுத வேண்டிய கதை.

1960இல் சுதந்திரம் கிடைத்தது. முதல் ஜனாதிபதி செங்கோர், பிரெஞ்சு மொழியில் பெயர்பெற்ற கவிஞர். முதல் பிரதமர் மமாது தியா. கச்சான் வர்த்தகத்தைக் கொம்பனிகளிடமிருந்து எடுத்துக் கூட்டுறவுச் சங்கங்களிடம் கொடுக்க முயன்றவர் தியாதான். 1962 டிசம்பரில் இருவருக்குமிடையே ஏற்பட்ட அதிகார மோதலில் தியா கைது செய்யப்பட்டார். ஆயுட்கால சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு 1974இல்தான் வெளியே வந்தார். அவரது வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. ஆனால் அவர் சிறை சென்றதில் போர்தோ வியாபாரிகள் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். அதன் பின்னர் 1966இல் அரசாங்கமே ஒன்காட் என்ற சபையை அமைத்துக் கச்சானைக் கொள்வனவு செய்தது. பழைய கடையின் பெயர்ப்பலகை மட்டுமே மாறியது. விதையும் கடனும் தராசும் மீண்டும் ஒரே கையில். விவசாயிகள் கடனில் மூழ்கினார்கள், சபையும் கடனில் மூழ்கியது. 1980இல் அது கலைக்கப்பட்டது. எல்லாப் பழியையும் வெள்ளைக்காரன் மீது போட்டுவிட்டுத் தப்புவது எனக்குப் பிடிக்காது. அவன் விட்டுச் சென்ற தராசை அப்படியே எடுத்து நிறுத்தது சுதந்திர நாட்டின் உத்தியோகத்தர்கள்தான்.

இப்போது நாணயத்துக்கு வருவோம். சி.எப்.ஏ. பிராங்க் 1945 டிசம்பர் 26ஆம் திகதி உருவாக்கப்பட்டது. அந்த எழுத்துக்களின் அப்போதைய பொருள் "ஆபிரிக்காவிலுள்ள பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகள்" என்பதாகும். பின்னர் விரிவை மாற்றினார்கள், எழுத்துக்களை மாற்றவில்லை. பிரெஞ்சுப் பிராங்கோடு நிர்ணயிக்கப்பட்ட அதன் பெறுமதி 1948 முதல் 1994 வரை 46 வருடங்கள் மாறவே இல்லை. அதற்குப் பதிலாக அங்கத்துவ நாடுகள் தமது வெளிநாட்டு ஒதுக்கின் பெரும் பகுதியைப் பிரான்சின் திறைசேரியில் வைக்க வேண்டியிருந்தது. 2005க்குப் பின்னர்கூட அது அரைவாசியாக இருந்தது. எமது ரூபாவும் இப்படித்தான் நாணயச் சபையின் கீழ் இந்திய ரூபாவோடு கட்டப்பட்டிருந்தது. 1950இல் மத்திய வங்கி வந்த பின் அந்தப் பொறுப்பு எமது கைக்கு வந்தது. அதை நாம் எவ்வளவு அழகாகப் பாவித்தோம் என்பது வேறு விடயம்.

46 வருடம் அசையாத நாணயம். ஹாஜியார் கேட்ட நிம்மதி அதுதான். ஆனால் 1994 ஜனவரி 11ஆம் திகதி டக்கார் நகரில் ஆபிரிக்கத் தலைவர்கள் கூடினார்கள். பிரெஞ்சு அமைச்சரும் சர்வதேச நாணய நிதியத்தின் தலைவரும் உடனிருந்தார்கள். அதுவரை ஒரு பிரெஞ்சுப் பிராங்குக்கு 50 சி.எப்.ஏ. அடுத்த நாள் 100. பத்தாயிரம் பிராங்குக்குச் சரக்கெடுத்தவர் முதல் நாள் ஐந்து இலட்சம் கட்ட வேண்டியவர், மறுநாள் பத்து இலட்சம். அரிசி, மருந்து, மா எல்லாமே வெளியிலிருந்து வரும் நாடு அது. அடுத்த மாதம் டக்கார் வீதிகளில் கலவரம் வெடித்தது. எமது ரூபா வருடத்துக்கு வருடம் கொஞ்சங் கொஞ்சமாகத் தேய்கிறது, சில வேளை ஒரேயடியாக விழுகிறது. அவர்களுடையது 46 வருடக் கணக்கை ஓர் இரவில் தீர்த்தது.

நியாயமாகப் பேசினால் மறுபக்கமும் உண்டு. 2022 டிசம்பரில் தனி நாணயம் வைத்திருக்கும் கானாவில் பணவீக்கம் 54 சதவீதத்தைத் தொட்டது. செனகல் அந்த அளவுக்கு அடிபடவில்லை. கட்டிய கயிறு தாங்கியும் பிடிக்கும். அதனால்தான் அங்குள்ள வியாபாரிகளே இந்த விடயத்தில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஆனால் யூரோ உயரும்போது செனகலின் கச்சானும் மீனும் உலகச் சந்தையில் தாமாகவே விலை ஏறிவிடுகின்றன. ஐரோப்பிய வெங்காயமும் பால்மாவும் டக்காரில் மலிந்துவிடுகின்றன. ஜெர்மனியின் தேவைக்காக உயரும் நாணயம் காயோர் விவசாயியின் விலையைத் தீர்மானிக்கிறது. இறக்குமதி வியாபாரிக்கு இது நல்லதுதான். நாட்டில் ஏதாவது உற்பத்தி செய்து விற்க நினைப்பவனுக்கு அல்ல.

2019 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட சீர்திருத்தத்தின் பின் ஒதுக்கைப் பிரான்சில் வைக்கும் கட்டாயம் நீங்கியது. எக்கோ என்ற புதிய பெயரும் பேசப்பட்டது. ஒரு யூரோவுக்கு 655.957 என்ற விகிதம் மட்டும் அப்படியே இருந்தது. 2025 ஜூலை மாதத்தில் பிரெஞ்சுப் படையினர் செனகலிலிருந்து கடைசி முகாமையும் கையளித்துவிட்டுப் போனார்கள். படையை அனுப்புவதற்கு ஒரு விழா போதுமாக இருந்தது.

இவ்வளவையும் ஹாஜியாரிடம் சொல்லி முடித்தபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்த ஜனவரி 11ஆம் திகதிக்கு முந்தின நாள் கடனுக்குச் சரக்கு ஓடர் கொடுத்த மனிசன் என்ன செய்தாராம்?"