உப்பளத்தில் விளையாத 84 தாதுக்கள்

தூத்துக்குடிக் கல்லுப்பை ‘ஆர்கானிக்’ என்றும் அயோடின் உப்பைச் ‘செயற்கை விஷம்’ என்றும் எழுதித் தள்ளியிருக்கும் அன்பர், உப்பளத்தை பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தவர் போலிருக்கிறது. வரப்பில் இறங்கி நடந்திருந்தால், கடலின் 84 தாதுக்களும் அப்படியே பைக்குள் வந்து சேர்கின்றன என்று எழுதக் கை கூசியிருக்கும்.

உவர்நீரைப் பாத்தி மாற்றிப் பாத்தி காயவிடுகிறார்கள். முதலில் ஜிப்சம் படியும். அடர்த்தி 25 டிகிரி பாமேயை எட்டினால்தான் உப்பு விளையும். 29-ஐ நெருங்கியதும் மிச்ச நீரைத் திறந்துவிடுவார்கள். மக்னீசியமெல்லாம் அந்த நீரில்தான் இருக்கிறது. விட்டுவைத்தால் உப்பு கசக்கும், ஈரம் கோத்துக் கசியும். அன்பர் பட்டியல் போடும் தாதுக்களில் பெரும்பகுதியை வடித்துக் கொட்டுவதுதான் அளத்து வேலையே. சுத்திகரிக்காத உப்புதான் வேண்டுமென்றால் அவர் கடல்நீரைக் குடிக்கலாம். அதுவும் கடல்தானா என்றால், இந்த ஊர் உப்பில் கணிசமான பங்கு ஆழ்குழாய்க் கிணற்று உவர்நீரில் விளைவது. கடல்நீர் உப்பில் கூடுதலாக ஏதேனும் உண்டா என்றால், உண்டு. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், கிணற்று நீர் உப்பைவிடக் கடல்நீர் உப்பில் பிளாஸ்டிக் நுண்துகள்கள் அதிகம் இருந்தன. 85-ஆவது தாதுவாகச் சேர்த்துக்கொள்ளட்டும்.

கடலிலேயே அயோடின் இருக்கிறதே, தனியாக எதற்கு என்கிறார். கணக்குப் போடுவோம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள், சுமார் 60 மைக்ரோகிராம் அயோடின். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் தேவை. துளி அயோடின்கூட வீணாகாமல் உப்போடு வந்தாலும், அந்த அளவுக்கு 80 கிராமுக்கு மேல் உப்பைத் தின்ன வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 5 கிராம். மீன் தின்னும் நமக்கு எதற்கு என்ற அடுத்த கேள்விக்கும் பதில் இருக்கிறது: தூத்துக்குடி உப்பு தூத்துக்குடியோடு நின்றுவிடுவதில்லை. கடலையே பார்க்காத ஊர்க் கர்ப்பிணியின் குழம்பிலும் அதுதான் கரைகிறது. அயோடின் குறைந்தால் முதலில் அடிபடுவது வயிற்றுப் பிள்ளையின் மூளை.

பொட்டாசியம் அயோடேட் ஆலையில் செய்வதுதான், மறுக்கவில்லை. அதிலுள்ள அயோடின் சிலியின் பாலைவன மண்ணிலிருந்தும் ஜப்பானின் நிலத்தடி உவர்நீரிலிருந்தும் எடுப்பது. உவர்நீரிலிருந்து உப்பை எடுத்தால் இயற்கை, அயோடினை எடுத்தால் செயற்கையா?

டாட்டா கம்பெனியின் சதி என்பது அவருடைய துருப்புச்சீட்டு. காங்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசாமி குழுவினர் ஆய்வைத் தொடங்கியது 1956. ஒரு பகுதிக்குச் சாதா உப்பு, மற்ற இரண்டுக்கு அயோடின் கலந்த உப்பு. சில ஆண்டுகளில் அந்த இரண்டு பகுதிகளிலும் கழுத்துக்கழலை கண்கூடாகக் குறைந்தது. 1962-இல் தேசியத் திட்டம் வந்தது. டாட்டா உப்பு கடைக்கு வந்தது 1983-இல். சதிகாரர்களுக்குப் பொறுமை அதிகம்தான்.

‘ஆர்கானிக்’ முத்திரைக்கும் விதி இருக்கிறது. அது விளைச்சலுக்கும் கால்நடைக்குமானது. கலவை உணவில் ஆர்கானிக் பங்கை அளக்கும்போது தண்ணீரையும் உப்பையும் கணக்கில் சேர்க்காதே என்கிறது தேசியச் சான்றளிப்பு விதி. விதியே ஒதுக்கிவைத்த பொருளுக்கு அன்பர் தன் கையால் பட்டம் கட்டுகிறார்.

ஒரு நியாயம் அவர் பக்கம் உண்டு. அயோடின் கட்டாயம் 2000-இல் நீங்கி, 2006-இல் திரும்பி வந்தது. கலக்கும் கருவிக்கு வழியில்லாத சிறு உற்பத்தியாளர்கள்தான் நெருக்கடிக்கு ஆளானார்கள். அதற்குத் தீர்வு அவர்களுக்குக் கருவியும் கடனும். அயோடின் இல்லாததையே பெருமையாக அச்சடித்து விலையேற்றுவது அல்ல.

பாரம்பரியம், அளத்து மக்கள் என்று உருகியிருக்கிறாரே, அதையும் கேட்டுவிடுகிறேன். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. தமிழக அரசு 2022-இல் அந்த மாதங்களுக்கென 5,000 ரூபாய் நிவாரணம் கொண்டுவந்தது. ‘ஆர்கானிக்’ அட்டை ஒட்டியதால் கிடைக்கும் கூடுதல் காசில், வெயிலில் உப்புச் சுமக்கும் பெண்ணின் கூலிக்கு எவ்வளவு போனது? கட்டுரையில் பையின் விலை இருக்கிறது, இந்தக் கணக்கு இல்லை. அடுத்த கட்டுரையில் எழுதட்டும், படிக்கக் காத்திருக்கிறேன்.