மாலை மேயருக்கு, மாற்றம் யாருக்கு?



கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். கார்த்திகைத் தீபத்தன்று அதைச் சுற்றுவோர் இலட்சக்கணக்கானோர். மலையிலே தீபம் எரிகிறது. மக்கள் கூட்டம் ஊர் திரும்புகிறது. மறுநாள் விடியுமுன் துடைப்பத்தோடு தெருவில் இறங்குகிறான் துப்புரவுத் தொழிலாளி. அவனுக்கும் அயல்நாட்டு உறவுக்கும் என்னய்யா தொடர்பு என்கிறீர்களா? இருக்கிறது, சொல்கிறேன்.

1984 இல் அமெரிக்காவின் டென்வர் நகரம் சென்னைக்கு உடன்பிறப்பு நகரமாயிற்று. 2008 இல் சான் அன்டோனியோ. 2010 இல் கோலாலம்பூர். கடல் கடந்த கைகுலுக்கல்! வரவேற்கிறோம். குண்டு விழுந்து இடிந்த கோவென்ட்ரி, 1944 இல், போரில் பொடியான ஸ்டாலின்கிராடுக்குக் கை நீட்டிற்றே, அந்த மரபிலே வந்தது இது. பனிப்போர்க் காலத்திலும் அந்த நட்பு அறுபடவில்லை.

ஆனால், மேயர் போனார், மாலை விழுந்தது, படம் வந்தது என்பதோடு முடிந்தால், அது உறவா? உல்லாசப் பயணமா?

கோலாலம்பூரோடு நமக்குள்ள உறவு ஒப்பந்தத் தாளிலா பிறந்தது? அன்றைய வட ஆர்க்காட்டிலிருந்தும் கப்பலேறி, ரப்பர்த் தோட்டத்திலே உழைத்த கூலித் தமிழனின் வியர்வையிலே பிறந்தது!

அந்நகருக்கு அருகே, செலாயாங் நகர மன்ற எல்லைக்குள், பத்துமலை. தைப்பூசத்துக்கு அங்கும் இலட்சக்கணக்கில் கூட்டம். அங்கும் மலைமலையாய்க் குப்பை. நம் திருவண்ணாமலையோ 2024 இல் மாநகராட்சியாகிவிட்டது. இரண்டு ஊரும் ஏன் பேசக்கூடாது? பக்தி அவரவர் விருப்பம். குப்பை அனைவர்க்கும் பொது! எத்தனை வண்டி, எத்தனை கழிப்பிடம், கைக்கு என்ன உறை, உழைப்புக்கு என்ன கூலி என்று கேட்டறிவோம். அதிகாரி மட்டுமல்ல, அள்ளுகிறவனும் விமானம் ஏறட்டும்!

தடை எங்கே? டில்லியிலே! 1992 இல் நிறைவேறிய 74 ஆவது திருத்தம், துப்புரவை நகராட்சிக்குரிய பணிகளிலே சேர்த்தது. ஆனால் வெளிநாட்டு விவகாரம் ஒன்றியப் பட்டியலில் பூட்டப்பட்டிருக்கிறது. போரும் சமாதானமும் டில்லியிடமே இருக்கட்டும். குப்பை அள்ளும் வகையறிய ஒரு நகரம் இன்னொரு நகரத்தோடு ஒப்பந்தம் போடவும் டில்லி வாசலிலே நிற்க வேண்டுமா? கடமை இங்கே, சாவி அங்கேயா? 1971 இல் இராசமன்னார் குழு அறிக்கை தந்த நாள் முதல் நாம் கேட்பது இதைத்தான்: பொறுப்பைத் தந்தவர்கள் உரிமையையும் தாருங்கள்!

அன்று கப்பலிலே போனது கூலியின் உடல். இன்று அவன் பேரன் கற்ற பாடமாவது கடல் கடந்து வரட்டும்!