சும்மா இருக்கும் நேரம் என்றொரு பொய்

‘வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தைப் பணமாக்குங்கள்.’ போர் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் பெண்களுக்கு இந்த உபதேசம் கேட்காத நாளில்லை. பயிற்சிப்பட்டறைகளிலே சொன்னார்கள், மாதர் சங்கக் கூட்டங்களிலே சொன்னார்கள், இப்போது முகநூலிலும் சொல்கிறார்கள். கம்பளி நூலால் தொப்பியும் மேசும் பின்னத் தெரிந்தவளா? கொக்கி ஊசியால் குரோஷே போடுபவளா? அப்படியென்றால் அந்தப் பொழுதுபோக்கையே சிறுதொழிலாக்கிவிடு, உனக்கென்ன குறை என்கிறார்கள்.

கைவேலை தொழிலாவதை நான் எதிர்க்கவில்லை. அந்த வாசகத்திலுள்ள ‘சும்மா’ என்ற சொல்லைத்தான் எதிர்க்கிறேன். விடியற்புறம் எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, கிணற்றடி வேலையும் முடித்து, மாமியாருக்கு மருந்தும் கொடுத்தபின் ஊசியைக் கையிலெடுக்கும் பெண்ணுக்குச் சும்மா இருக்கும் நேரம் எங்கிருந்து வந்தது? அது அவளது உறக்கத்திலிருந்து வெட்டியெடுத்த நேரம். அதைச் சும்மா என்று பெயரிட்டவுடன் அதற்கு விலையில்லை என்றாகிவிடுகிறது. எல்லா அநியாயமும் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழந்தைப் போர்வை ஒன்று பின்ன 40 மணித்தியாலம் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூலுக்கு 2,000 ரூபா. அதை 3,500 ரூபாவுக்கு விற்றுவிட்டு, 1,500 ரூபா இலாபம் என்று அந்தப் பெண் மகிழ்கிறாள். அந்த 1,500 ரூபாவை 40ஆல் வகுத்துப் பாருங்கள். மணித்தியாலத்துக்கு 37 ரூபா 50 சதம். எட்டு மணித்தியாலத்துக்கு 300 ரூபா. இலங்கையின் குறைந்தபட்ச வேதனச் சட்டத்துக்கு 2025இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி 2026 ஜனவரி முதல் நாட்கூலி 1,200 ரூபாவுக்குக் குறையலாகாது. அவள் ஈட்டியது அதன் காற்பங்கு. இதே கூலியை ஒரு முதலாளி கொடுத்திருந்தால் சட்டமீறல் என்போம். அவளே தனக்குக் கொடுத்துக்கொண்டால் சுயதொழில் என்று பாராட்டிச் சான்றிதழும் வழங்குகிறோம்.

இந்தக் கலை பொழுதுபோக்காகப் பிறந்ததென்பதும் அரை உண்மையே. 1840களின் பெரும் பஞ்சத்திலே அயர்லாந்தின் கன்னியர் மடங்கள் ஏழைப் பெண்களுக்கு குரோஷே ரேந்தை கற்றுக்கொடுத்தது பொழுதைப் போக்குவதற்கல்ல, பட்டினியைப் போக்குவதற்கு. ஆந்திரத்தின் கோதாவரிக் கரையிலுள்ள நரசாபுரத்துக்கு இந்த வேலையைக் கொண்டுவந்தவர்கள் 19ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவ மிசனரிமார். அங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து பின்னிய ரேந்தை கடல் கடந்து விற்பனையாகியது. ஜேர்மானிய சமூகவியலாளர் மரியா மீஸ் அவர்களைப் பற்றி ஆராய்ந்து 1982இல் நூலாக்கினார். அவர் கண்டது இதுதான்: உலகச் சந்தைக்கு உற்பத்தி செய்த அந்தப் பெண்களை எவரும் தொழிலாளர் என்று கருதவில்லை. ‘குடும்பப் பெண்கள், ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னுகிறார்கள்’ என்றார்கள். ஓய்வு நேர வேலைக்கு யார் முழுக்கூலி கொடுப்பார்? செல்வம் ஏற்றுமதி வியாபாரிகளிடம் சேர்ந்தது. பின்னியவளிடம் மிஞ்சியது கண்வலி. நரசாபுரத்தின் ரேந்தைக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பொருளுக்குக் கிடைத்த அந்த மரியாதை, பின்னும் கையின் கூலியிலும் தெரியவேண்டாமா?

இன்னொரு செய்தியும் வாசகர்கள் அறியவேண்டும். சாதாரணப் பின்னலுக்கு இங்கிலாந்தின் வில்லியம் லீ 1589லேயே இயந்திரம் கண்டுவிட்டார். குரோஷே அப்படியல்ல. அதைப்போலத் தோற்றமளிக்கும் துணியை ஆலைகள் செய்யும், ஆனால் உண்மையான குரோஷேயைப் பின்னும் ஆலை இயந்திரம் இன்றுவரை சந்தைக்கு வரவில்லை. ஆகவே வெளிநாட்டுக் கடையொன்றில் குரோஷேச் சட்டை அடிமாட்டு விலைக்குத் தொங்கினால் எங்கோ ஒருத்தியின் விரல்கள் அடிமாட்டு விலைக்குப் போயிருக்கின்றன என்றே பொருள்.

இதனால் ஆதாயம் அடைபவர் யார்? பயிற்சி கொடுத்த நிறுவனத்துக்கு அறிக்கையும் புகைப்படமும் கிடைக்கின்றன. நூல் விற்றவருக்கு உடன் காசு. இணையச் சந்தைக்குத் தரகு. எட்சி என்ற கைவினைச் சந்தை தன் தரகை 5 வீதத்திலிருந்து 6.5 வீதமாக உயர்த்தியபோது, 2022 ஏப்ரலில் அதன் விற்பனையாளர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். சுயதொழிலுக்கென்று நுண்கடன் கொடுத்தவர்களின் கதை நாடறிந்தது. வரட்சி பாதித்த மாவட்டங்களிலே பெண்கள் பெற்றிருந்த ஒரு இலட்சம் ரூபா வரையான கடன்களை 2018இல் அரசே பொறுப்பேற்றுத் தள்ளுபடி செய்யவேண்டி வந்தது. வீட்டிலிருந்து கூலிக்கு வேலை செய்வோரைப் பாதுகாக்கும் சர்வதேச உடன்படிக்கை 1996இலேயே நிறைவேறியது. இலங்கை இன்னும் அதை உறுதிப்படுத்தவில்லை. இவற்றைப் பற்றி எந்தப் பயிற்சிப்பட்டறையும் வாய் திறப்பதில்லை.

‘கூடின விலை சொன்னால் ஆர் வாங்குவினம்?’ என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான். என் பதில்: 8,000 ரூபா பெறுமதியான போர்வையை வாங்க ஆளில்லையென்றால் அதை விற்கவேண்டாம். பேரப்பிள்ளைக்குக் கொடுங்கள். பாதி விலைக்கு விற்பதைவிட அன்பளிப்பாகக் கொடுப்பது கௌரவமானது. அன்பளிப்பு அடுத்த பெண்ணின் கூலியைக் குறைப்பதில்லை. விற்பதற்கு வேறு பொருளைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு மணித்தியாலத்தில் முடியும் மேசுச் சோடிக்கு நூலும் 300 ரூபா கூலியும் சேர்த்து விலை சொன்னால் வாங்குவோர் இருப்பர். முற்பணம் பெறாமல் பெரிய ஓடர் எடுக்கவேண்டாம். எல்லாவற்றுக்கும் முதலாக, ஒரு அப்பியாசக் கொப்பி வாங்கி, ஊசியை எடுத்த நேரத்தையும் வைத்த நேரத்தையும் ஒவ்வொரு நாளும் எழுதுங்கள். எழுதாத நேரத்துக்கு ஒருவரும் கூலி தரமாட்டார்கள்.

‘உங்களுக்குப் பிடிச்ச வேலைதானே’ என்று இன்னொரு வாதமும் உண்டு. பத்திரிகைத் தொழிலில் தலை நரைத்தவன் என்ற முறையில் இது எனக்குப் பழக்கமான வாதம். எழுத்துக்குக் காசு கேட்டால் எங்களுக்கும் இதைத்தான் சொன்னார்கள். வைத்தியர் தன் தொழிலை விரும்பிச் செய்கிறார் என்பதற்காக எவரும் பாதிக் கட்டணம் கொடுப்பதில்லை. விருப்பத்தைக் காட்டிக் கூலியைக் குறைக்கும் தந்திரம் பெண்களிடமும் எழுதுபவர்களிடமும் மாத்திரமே செல்லுபடியாகிறது.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கும் ஒரு சொல். விடுமுறைக்கு ஊர் வந்து, கைவேலை விற்கும் மேசையண்டை நின்று, ‘நூலுக்கு எவ்வளவு போச்சு?’ என்று கேட்காதீர்கள். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ தலைமயிர் வெட்டியவரிடம் கத்தரிக்கோல் என்ன விலை என்று நீங்கள் கேட்பதில்லை. உதவி என்று நினைத்து இரக்கப்பட்டு வாங்கவும் வேண்டாம். ‘எத்தனை மணித்தியாலம் எடுத்தது?’ என்று கேளுங்கள். அவள் சொல்லும் எண்ணைப் பெருக்கிப் பார்த்து, அதற்குரியதைக் கொடுங்கள்.