கியர் மக்கர் பண்ணுதா? பாக்ஸைப் பிரிக்காதீங்க பாஸ்!

கொல்லிமலைக்கு நாலு பேர் கிளம்பறீங்க. வண்டி, சித்தப்பாகிட்ட கெஞ்சிக் கூத்தாடி வாங்கின பழைய மாருதி 800. ஏறும்போது எல்லாம் ஜாலிதான். இறங்கும்போதுதான் மேட்டர். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு. ஒரு வளைவுக்கு முன்னாடி மூணாவதுல இருந்து ரெண்டாவது கியருக்கு மாத்தறீங்க... விழலை. கியர் ராடைப் பிடிச்சு அழுத்தறீங்க. 'கர்ர்ர்'னு சத்தம்தான் வருது. வண்டி நியூட்ரல்ல உருளுது. கியர்ல இருந்தா இன்ஜினும் சேர்ந்து வேகத்தைப் பிடிச்சு வைக்கும். இப்ப மொத்த பாரமும் பிரேக் தலையில. அதுவும் சூடாகி கை விட்டுச்சுன்னா... வேணாம், நல்லதையே நினைப்போம்!

இவ்வளவு பில்டப் எதுக்குன்னா, கியர் கஷ்டமா விழறதை 'பழைய வண்டின்னா அப்படித்தான்'னு நம்மாளுங்க பழகிக்கறாங்க. பழகக் கூடாத விஷயம் அது.

இன்னொரு பக்கம் பர்ஸ். ஷெட்டுக்குப் போய், "கியர் ஹார்டா இருக்குண்ணே"ன்னு சொன்னா, பல இடத்துல வர்ற முதல் பதில், "பாக்ஸை இறக்கிப் பார்த்துடலாம் தம்பி!" இறக்கினா லேபர். 'இறக்கியாச்சே, இதையும் மாத்திடலாம்'னு கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங்னு ஒரு செட். ஹாஸ்டல் மெஸ் பில் எல்லாம் அதுக்கு முன்னால தூசு! நிஜமாவே இறக்க வேண்டிய வண்டிகளும் உண்டு, இல்லேங்கலை. ஆனா ஸ்பானரைத் தொடாமலே, அஞ்சு நிமிஷத்துல கோளாறு எந்தப் பக்கம்னு நீங்களே கண்டுபிடிக்கலாம்.

வண்டியைச் சமதரையில நிறுத்துங்க. ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்கு ஒரு கல் முட்டு. முன்னாடி பின்னாடி யாரும் நிக்க வேணாம். முதல்ல இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, கிளட்சை முழுசா மிதிச்சு, எல்லா கியரையும் போட்டுப் பாருங்க. ஏதாவது ஒண்ணு மட்டும் இடிச்சுக்கிட்டு நின்னா பயப்படாதீங்க. பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டிக்கும். கிளட்சை ஒரு தடவை விட்டு மிதிச்சா, இல்லை வண்டியைக் கொஞ்சம் அசைச்சா சரியாகிடும். அடுத்து, நியூட்ரல்ல வெச்சு ஸ்டார்ட் பண்ணி, பிரேக்கையும் மிதிச்சுக்கிட்டு அதே கியர்களைப் போட்டுப் பாருங்க. அவ்வளவுதான் டெஸ்ட்!

ஆஃப்ல வெண்ணெய் மாதிரி விழுது, ஓடும்போது மட்டும் முரண்டு பிடிக்குதுன்னா, கியர் பாக்ஸ் பெரும்பாலும் அப்பாவி. கிளட்ச்தான் முழுசா விடலை. ரெண்டுலயும் கஷ்டம்னா, ராடுல இருந்து பாக்ஸுக்குப் போற கேபிள், லிங்கேஜ் பக்கம் சந்தேகம். எல்லாம் நல்லா விழுது, ஒரே ஒரு கியர் மட்டும் ஓடும்போது கரகரங்குதுன்னா, அப்பதான் பாக்ஸுக்கு உள்ளே பார்க்கணும்.

ஏன் இப்படின்னு புரிய, டவுன் பஸ் ஃபுட்போர்டை நினைச்சுக்கோங்க (அப்படி ஏறச் சொல்லலை, உதாரணத்துக்குத்தான்!). மெதுவா நகர்ற பஸ்ல ஏறணும்னா, கூடவே ஓடி பஸ்ஸோட வேகத்துக்கு வந்துட்டுத்தான் காலை வைக்கணும். கியர் பாக்ஸுக்குள்ள இந்த வேலையைப் பண்றது சிங்க்ரனைசர்ங்கற பித்தளை வளையம். உரசி உரசி ரெண்டு பக்கத்து வேகத்தையும் சமமாக்கும். அப்புறம்தான் பல் கோத்துக்கும். 1928-ல அமெரிக்காவுல காடிலாக் கம்பெனி இதை கார்ல கொண்டு வந்துச்சு. அதுக்கு முன்னாடி டிரைவரே டபுள் கிளட்ச் போட்டு வேகத்தைச் சமன் பண்ணணும். பழைய லாரி டிரைவர்கள் கிளட்சை ரெண்டு தடவை மிதிச்சு மாத்தற ஸ்டைல் அதுதான்.

ஆனா ஒரு கண்டிஷன். நீங்க ஓடி ஏறப் பார்க்கிற நேரத்துல பஸ் டிரைவர் ஆக்ஸிலரேட்டரை மிதிச்சுட்டே இருந்தா ஏற முடியுமா? கிளட்ச் முழுசா விடலைன்னா நடக்கிறது அதேதான். இன்ஜின் அந்த ஷாஃப்டைச் சுத்திக்கிட்டே இருக்கும். அத்தனூண்டு பித்தளை வளையம் இன்ஜினோட மல்லுக்கட்ட முடியாம தேயும். அதனாலதான் 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு விட்டா, சின்னக் கிளட்ச் கோளாறு நிஜமான கியர் பாக்ஸ் செலவா மாறுது.

கிளட்ச் ஏன் முழுசா விடாது? சிரிக்காதீங்க, முதல்ல கால்மிதியைப் பாருங்க. தடியா ஒரு ரப்பர் மேட், அதுக்கு மேல இன்னொரு மேட். பெடல் கடைசி வரைக்கும் போக முடியாம மேட்ல முட்டி நிக்கும். அதை உருவி எறிஞ்சாலே கியர் விழுற வண்டிகள் இருக்கு. செலவு பூஜ்ஜியம்!

மேட் இல்லையா? மாருதி 800 மாதிரி வண்டிகள்ல கிளட்சை இழுக்கிறது ஒரு கேபிள். ஓட ஓட அது நீளும், இல்லைன்னா உறைக்குள்ள இழை இழையாப் பிய்யும். பெடலோட ஃப்ரீ ப்ளே, அதாவது மிதிச்சதும் சும்மா போற தூரம், ஜாஸ்தி ஆகிடும். எத்தனை மில்லி மீட்டர் இருக்கணும்னு வண்டியோட ஓனர்ஸ் மேனுவல்ல இருக்கும். அட்ஜஸ்ட் பண்றது சின்ன வேலைதான். ஆனா 'இன்னும் டைட் வைங்கண்ணே'ன்னு ஆசைப்படாதீங்க. ப்ளே சுத்தமா இல்லைன்னா கிளட்ச் எப்பவும் அரைகுறையா மிதிபட்டே ஓடி, பிளேட் கருகிடும்.

இன்னும் பல கார்கள்ல கேபிளுக்குப் பதிலா ஹைட்ராலிக். பெடலை மூணு நாலு தடவை பம்ப் பண்ணினதும் கியர் சுலபமா விழுதுன்னா, லைன்ல காத்து புகுந்திருக்கும், இல்லை சிலிண்டர்ல லீக். நிறைய வண்டிகள்ல பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பாவுல இருந்துதான் ஃப்ளூயிட் போகுது. ஸோ, அதுல லெவல் இறங்கியிருந்தா கியர் பிரச்னைன்னு மட்டும் நினைக்காதீங்க. வண்டியை எடுக்காம உடனே காட்டுங்க.

இங்க ஒரு குழப்பத்தைத் தீர்த்துடறேன். 'கிளட்ச் போச்சு'ங்கற ஒரே வார்த்தையில ரெண்டு நோயைச் சொல்றோம். இன்ஜின் உறுமுது, வண்டி இழுக்க மாட்டேங்குதுன்னா அது ஸ்லிப். பிளேட் தேய்ஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். கியர் விழலை, பெடலை தரையோட ஒட்டி மிதிச்சும் வண்டி லேசா முன்னால இழுக்குதுன்னா அது டிராக். ரெண்டும் நேர் எதிர். டிராக்கோட போற பையனுக்கு, பெடல் ப்ளேகூட பார்க்காம பிளேட் மாத்தினா, காய்ச்சலுக்குக் கட்டுப் போட்ட கதைதான்.

நம்மூருக்குன்னே ஒரு ஸ்பெஷல் காரணமும் இருக்கு. மழை! 2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2023 மிக்ஜாம் புயல் மாதிரி சமயத்துல நாள் கணக்கா தண்ணியில நிக்கிற வண்டியில, கிளட்ச் பிளேட் துருப்பிடிச்சு ஃப்ளைவீலோட ஒட்டிக்கும். ஓரமா மாசக்கணக்கா சும்மா நிக்கிற வண்டிக்கும் இதே கதி வரலாம். மிதிச்சாலும் விடாது. இந்த வண்டியை கியர்ல போட்டு ஸ்டார்ட் பண்ணினா, கிளட்ச் மிதிச்சிருந்தாலும் பாய்ஞ்சிடும். முன்னாடி காம்பவுண்ட் சுவர் இருந்தா கதை முடிஞ்சுது. ஒட்டினது தானா விடலைன்னா பாக்ஸை இறக்கித்தான் ஆகணும்.

இன்ஜின் ஆஃப்லயும் கஷ்டம்ங்கற கேஸுக்கு வருவோம். ராடுக்குக் கீழே இருக்கிற பிளாஸ்டிக், ரப்பர் புஷ் தேய்ஞ்சா ராடு லொடலொடன்னு ஆடும், போட்ட கியர் எதுன்னே தெரியாது. கேபிள்ல மண்ணும் துருவும் சேர்ந்தா இறுகிடும். இன்ஜின் மவுன்ட் உடைஞ்சிருந்தாலும் பாக்ஸ் நகர்ந்து இந்த கேபிள் கோணலாகும். ஆக்ஸிலரேட்டரை மிதிச்சு விடும்போது 'டொக்'னு ஒரு உதை வருதான்னு பாருங்க. இதுக்கெல்லாம் பாக்ஸைப் பிரிக்கவே வேண்டியதில்லை.

காலைல முதல் ரெண்டு கிலோ மீட்டர் மட்டும் ரெண்டாவது கியர் அடம் பிடிக்குது, அப்புறம் ஓகேன்னா, ஆயில் பக்கம் பாருங்க. குளிர்ல ஆயில் கெட்டியா இருக்கும். ஊட்டி, கொடைக்கானல்ல கொஞ்சம் ஜாஸ்தியாவே தெரியும். பழசானாலோ லெவல் குறைஞ்சாலோ தொல்லை கூடும். இன்ஜின் ஆயில் மாத்தற நாம கியர் ஆயிலை மறந்தே போயிடறோம். ஊத்தும்போது 'எல்லாம் ஒண்ணுதான் தம்பி'ன்னு சொன்னா நம்பாதீங்க. ஜிஎல்-4 கேட்கிற பாக்ஸ்ல ஜிஎல்-5 ஊத்தினா, சில ஆயில்கள்ல இருக்கிற கந்தகச் சேர்மானம் நம்ம பித்தளை வளையத்தையே அரிக்கும். மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதுதான்.

ரிவர்ஸ் மட்டும் கரகரங்குதா? நிறைய கார்ல ரிவர்ஸுக்கு சிங்க்ரனைசரே கிடையாது. வண்டி முழுசா நின்னு, கிளட்ச் மிதிச்சு மூணு நாலு விநாடி பொறுத்துப் போடுங்க. அப்பவும் கரகரன்னா டிராக்தான். டிராக்கைக் கண்டுபிடிக்க இதைவிட ஈஸியான வழி இல்லை. ஸ்டைலுக்காக இடது கையை ராடு மேலயே வெச்சு ஓட்டற ஹீரோக்களுக்கு ஒரு வார்த்தை... அந்தக் கையோட கனம் உள்ள இருக்கிற ஃபோர்க்கைத் தேய்க்குது மாப்ள. எடுத்துடு!

இப்ப ஷெட்டுக்குப் போங்க. "கியர் ஹார்டா இருக்கு"ன்னு சொல்லாதீங்க. "ஆஃப்ல நல்லா விழுது, ஓடும்போது மட்டும் விழலை. ரிவர்ஸ்ல சத்தம் வருது. பெடல் ப்ளே பார்த்தீங்களாண்ணே?"ன்னு கேளுங்க. நல்ல மெக்கானிக்னா முகம் மலர்ந்துடும், பாதி வேலை மிச்சம்னு. பாக்ஸை இறக்கித்தான் ஆகணும்னு சொன்னாலும் தப்பில்லை. ஏன்னு கேளுங்க, கழட்டின பழைய பார்ட்ஸை கையில வாங்கிப் பாருங்க.

செகண்ட் ஹேண்ட் கார் தேடறவங்களும் இதே டெஸ்ட்டை மறக்காம பண்ணிடுங்க. முதல்ல ஓனரோட பெர்மிஷன், அப்புறம் ரிவர்ஸ். 'கர்ர்ர்'னு வந்தா, விலை பேசறதை அங்கேயிருந்து ஆரம்பிக்கலாம்!