ஃபிரிட்ஜுக்குள் சமையல் காஸ்

தில்லியில் பல வீடுகளின் சமையலறையில் 14.2 கிலோ எரிவாயு அடைத்த சிலிண்டர் நிற்கிறது. யாரும் அதைப் பார்த்து மிரள்வதில்லை. ஆனால் அதன் நெருங்கிய சொந்தமான ஐசோபியூட்டேன் வாயுவை, அதுவும் சுமார் 50 கிராம் மட்டும், பக்கத்திலிருக்கும் ஃபிரிட்ஜுக்குள் அடைக்கலாம் என்ற யோசனை 1990களில் எழுந்தபோது பல தயாரிப்பாளர்களுக்கு உதறல் எடுத்தது.

அதுவரை ஃபிரிட்ஜுகளைக் குளிர வைத்தது சிஎஃப்சி-12. எரியாது, நஞ்சில்லை, மலிவு. ஆனால் ஓசோன் படலத்தை அரித்தது. 1990ல் லண்டனில் நடந்த பேச்சுவார்த்தையில், பணக்கார நாடுகள் செய்த கோளாறுக்கு ஏழை நாடுகள் ஏன் செலவழிக்க வேண்டும் என்று இந்தியாவும் சீனாவும் மல்லுக்கு நின்றன. அப்போது இந்தியாவின் சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தி. உதவி நிதி உருவான பிறகே, 1992ல், இந்தியா மாண்ட்ரீல் உடன்பாட்டில் சேர்ந்தது.

அடுத்து எதை அடைப்பது? பெரிய ரசாயன கம்பெனிகள் கைகாட்டியது 134ஏ. ஓசோனுக்கு அதனால் ஆபத்தில்லை. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறக்குறைய 1,400 மடங்கு. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. ஐசோபியூட்டேனுக்கு இந்தக் கணக்கு ஒற்றை இலக்கத்தில் முடிந்துவிடுகிறது. தவிர, அது யாருடைய கண்டுபிடிப்பும் அல்ல. பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் சாதாரண வாயு. மூடுவிழாவை எதிர்நோக்கியிருந்த ஃபோரான் என்ற கிழக்கு ஜெர்மனி ஆலை, கிரீன்பீஸ் அமைப்பின் தூண்டுதலில் 1993ல் இந்த வகை ஃபிரிட்ஜைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

ஜெர்மனியின் குளிரில் ஓடுவது தில்லியின் மே மாதத்தில் ஓடுமா? வெப்ப நாடுகளில் ஃபிரிட்ஜ் 43 டிகிரியிலும் தாக்குப்பிடிக்க வேண்டும். வோல்டேஜ் ஏறி இறங்குவது தனிக்கதை. சுவிஸ், ஜெர்மன் உதவியுடன் 'ஈகோஃப்ரிக்' என்ற திட்டம் தொடங்கியது. தில்லி ஐ.ஐ.டி. ஆய்வில் இறங்க, கோத்ரெஜும் வோல்டாஸும் சேர்ந்துகொண்டன. தீப்பொறி வரக்கூடிய ரிலே, தெர்மோஸ்டாட் இவற்றைக் கசியும் வாயு எட்டாதபடி அமைப்பதுதான் முக்கியக் கவலை. அது தீர்ந்தது. கோத்ரெஜ் 2001ல் இந்த ஃபிரிட்ஜுகளை விற்பனைக்கு விட்டது. புதிய ஃபிரிட்ஜில் சிஎஃப்சி கூடாது என்ற தடை 2003ல் வந்தது. இன்று கடைகளில் விற்கும் ஃபிரிட்ஜுகளில் பெரும்பாலானவை ஐசோபியூட்டேனில்தான் ஓடுகின்றன. 134ஏ வகையறாவைக் குறைக்கும் கிகாலி திருத்தத்தை இந்தியா 2021ல் ஏற்றது. அதன்படி உபயோகத்துக்கு உச்சவரம்பு விழும் ஆண்டு 2028.

ஆலையில் வேலை சுலபம். வில்லங்கம் தெருவில் இருக்கிறது. கோடையில் ஃபிரிட்ஜ் படுத்துவிட்டால் தில்லிவாசி கூப்பிடுவது ஐ.ஐ.டி. பேராசிரியரை அல்ல, ஸ்கூட்டரில் காஸ் கேனைக் கட்டிக்கொண்டு வரும் மெக்கானிக்கை. பழைய காஸைக் காற்றில் திறந்துவிட்டு, குழாயை டார்ச் நெருப்பால் பற்றவைத்துப் பழகிய கை அது. சிஎஃப்சி காலத்தில் அதனால் தீப்பிடிக்கும் ஆபத்தில்லை. ஐசோபியூட்டேன் மிச்சமிருக்கும் குழாயில் அதே டார்ச்சைக் காட்டினால் கதை வேறு. சிலிண்டர் காஸில் நாற்றத்துக்கென்றே ஒரு ரசாயனம் கலக்கிறார்கள். ஃபிரிட்ஜ் காஸில் அது கிடையாது. கசிந்தாலும் மூக்குக்குத் தெரியாது. காசை மிச்சம் பிடிக்க சமையல் சிலிண்டரிலிருந்தே நிரப்பினாலோ, ஈரமும் அழுக்கும் கம்ப்ரசரை காலி செய்துவிடும்.

சிறு கடைக்காரர்களுக்குப் பயிற்சி தருவதற்கென்றே 1990களின் பிற்பகுதியில் 'ஹைடிகோர்' என்ற இந்திய-சுவிஸ் திட்டம் வந்தது. பிறகு அரசின் திட்டங்கள். ஜன்னலைத் திற, வாயுவை வெளியேற்று, நெருப்பில்லாமல் நசுக்கி இணைக்கும் வளையங்களைப் பயன்படுத்து என்பவை பாடங்கள். பயிற்சி பெற்றவர்கள் பல ஆயிரம். பெறாதவர்களும் அதே தெருக்களில்தான் தொழில் செய்கிறார்கள். அவர்களை எச்சரிக்க இருப்பது ஃபிரிட்ஜின் முதுகில், கம்ப்ரசர் பக்கத்தில் ஒட்டியிருக்கும், தீச்சுடர் படம் போட்ட மஞ்சள் முக்கோணம் மட்டுமே. பத்து வருடத் தூசுக்குப் பின்னால் அது கண்ணில் பட வேண்டும்.